எச்சம்

கல்லூரி நாளில் ஒரு மதியம் நுண்ணோக்கி வழியாகப் பார்த்த ரத்தத் தடவல் ஒன்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் கண்ணை விட்டு அகலவில்லை. சிட்டுக்குருவியின் ரத்தம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, இன்னொரு தகட்டின் விளிம்பால் இழுத்துப் பரப்பி, உலரவிட்டு, ஜீம்சா சாயம் ஏற்றியது. மேலே ஒரு துளி செடார் மர எண்ணெய். பழைய பெட்டியைத் திறந்தாற்போல அதன் வாசனை மூக்கில் ஏறியது. மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் கரு கிடையாது, பறவைக்கு உண்டு. மங்கிய இளஞ்சிவப்பில் நீள்வட்ட அணுக்கள், ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் பலாச்சுளைக்குள் கொட்டை போல ஊதாநிறக் கரு. பார்த்த இடமெல்லாம் அதே ஒழுங்கு. ஓர் அணுவில் மட்டும் கரு நடுவில் இல்லை. அங்கே வேறொன்று உருண்டு திரண்டு உட்கார்ந்திருந்தது, வெளிறிய நீலத்தில், கறுப்பு மணிகள் தூவினாற்போல. கரு ஒரு முனையில் சுவரோடு ஒட்டி ஒதுங்கிக் கிடந்தது. "கருவை ஓரமாத் தள்ளிட்டு அது உட்கார்ந்திருக்கு பாரு, இதான் அடையாளம்" என்றார் பேராசிரியர். அவருக்கு அது வகைப்பாட்டுக் குறிப்பு. எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. சொந்த வீட்டிலேயே சுவரோரம் ஒடுங்கி நிற்கும் முதியவர்களைப் பிற்பாடு எங்கு பார்த்தாலும் அந்தக் கரு நினைவில் எழும். அன்று நான் கண்டது நோயையா, அதைவிடப் பழைய வேறொன்றையா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த ஒட்டுண்ணியின் பெயர் பிளாஸ்மோடியம் ரெலிக்டம். பறவைகளின் மலேரியா. மனிதரை அது தொடாது. 1891இல் கிராஸி, ஃபெலெட்டி என்ற இரு இத்தாலியர் வைத்த பெயர். ரெலிக்டம் என்றால் லத்தீனில் விடப்பட்டது, எஞ்சியது என்று பொருள். வினையில் பிறந்து பெயரைத் தழுவி நிற்கும் சொல் அது, ஏறக்குறைய நம் பெயரெச்சத்தைப் போல. பொருளிலும் எச்சம், இலக்கணத்திலும் எச்சம். இது புலப்பட்ட நாளிலிருந்து அந்தத் தமிழ்ச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கை இட்டுப்போவது எச்சம். ஒருவர் போன பிறகு நிற்கும் பிள்ளையும் பேரும் எச்சம். அடுத்த சொல்லுக்காகக் காத்து நிற்கும் குறைச்சொல்லும் எச்சம். 'வந்த' என்று சொல்லி நிறுத்தினால் எது வந்தது என்று காது கேட்கிறது. 'பாடி' என்று நிறுத்தினால் பாடிப் பிறகு என்ன என்று கேட்கிறது. கழிவு, சந்ததி, முடியாமை மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிவைத்தவர்கள் எதைப் பார்த்துக் கட்டினார்களோ, எனக்கு அந்த மூன்றும் இந்த ஒட்டுண்ணியின் கதையில் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகின்றன.

அந்தக் கறுப்பு மணிகளையே எடுத்துக்கொள்வோம். ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு அதன் ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றதில் இரும்பு கலந்த ஒரு பகுதி அதற்கே நஞ்சு. அதைச் செரிக்க முடியாமல் சிறு படிகங்களாக இறுக்கித் தன் உடலுக்குள்ளேயே ஒதுக்கிவைக்கிறது. உண்டதன் எச்சம். 1880இல் அல்ஜீரியாவில் லாவரான் ஒரு போர்வீரரின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது அவர் கண்ணை இழுத்தது இந்தக் கறுப்புதான். அடுத்த சில ஆண்டுகளில் கார்கிவ் நகரில் தனிலெவ்ஸ்கி பறவைகளின் ரத்தத்திலும் இதைப் போன்றவற்றைக் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் இருந்த அணுக்களை மலேரியாவின் அணுக்கள் என்று அடையாளம் கண்டதும் இந்த மணிகளை வைத்துத்தான். விட்டுச் சென்றதைக் கொண்டு ஆளை அறிவது நம் ஊர் வழக்கம். மலேரியா அறிவியலும் அந்த வழியில்தான் நடந்திருக்கிறது. மறு ஆண்டு ராஸ் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார். பிளேக் பீதியும் தடுப்பூசி அச்சமும் நகரைப் பிடித்திருந்த நேரம். விரலில் ஊசி குத்த யாரும் கை நீட்டவில்லை. மனிதர் மறுத்ததால் அவர் பறவைகளிடம் போனார். அப்படி அவர் மேசைக்கு வந்தது இந்த ஒட்டுண்ணி. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசுக்களைப் பிடித்து வளர்த்துத் தர, இரவில் வலைக்குள் சிட்டுக்குருவிக் கூண்டுகளை வைத்து, நோயுற்ற பறவையைக் கடித்திருந்த கொசுக்களை உள்ளே விட்டார்கள். 1898 ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணியைக் கண்டார் ராஸ். நலமாயிருந்த 28 சிட்டுகளில் 22க்கு நோய் தொற்றியது. மலேரியா கொசுக்கடியால் பரவுகிறது என்று மனிதகுலம் உறுதியாக அறிந்துகொண்டது அந்தச் சிட்டுகளின் உடலில். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. அந்த 22 பறவைகளின் இரவுதான் என்னை உறங்கவிடுவதில்லை. விடியும்போது அவை கீச்சிட்டிருக்கும், வழக்கம்போல.

ராஸ் சாம்பல் கொசு என்று குறித்துவைத்த அந்தக் கொசு நமக்குப் புதிதல்ல. கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ். தெருச் சாக்கடையில், கழிவுத் தொட்டியில், மூடாத வடிகாலில் பெருகி, விளக்கணைத்ததும் காதோரம் ரீங்கரிப்பது. யானைக்கால் நோயைத் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து திரிந்ததும் இதுதான். இதை எழுதும்போதுகூட என் முழங்கையில் ஒன்று அமர்ந்து எழுந்து போனது. 1826க்கு முன் ஹவாய்த் தீவுகளில் இந்த ரீங்காரம் இருந்ததில்லை. அந்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து வந்த வெலிங்டன் என்ற கப்பல் மாவுயித் தீவின் லஹைனாத் துறையில் நின்றது. பழைய தண்ணீர்ப் பீப்பாய்களின் அடியில் மிஞ்சிக் கிடந்ததை மாலுமிகள் ஓடையில் கவிழ்த்துவிட்டுப் புது நீர் பிடித்துக்கொண்டார்கள். அந்த அடிவண்டலில் கொசுப்புழுக்கள் இருந்தன. சிறிது காலத்தில் அவ்வூர் மக்கள் மிஷனரிகளிடம் வந்து, காதருகில் பாடும் ஒரு புதுவகை ஈயைப் பற்றியும் அது கடித்தால் வரும் அரிப்பைப் பற்றியும் முறையிட்டிருக்கிறார்கள். கொசுவுக்கு அவர்கள் மொழியில் அப்போது சொல்லே இல்லை. ஒரு தீவுக்கூட்டத்தின் விதி, ஒரு பீப்பாயின் அடியில் எஞ்சிய நீரில் வந்து இறங்கியது. கவிழ்த்தவர்களை நான் குற்றம் சொல்ல முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை. குடத்தில் கிடக்கும் பழைய தண்ணீரைக் கொட்டி அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கத்தான் நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்.

கொசு வந்தது, ஒட்டுண்ணி உடனே வரவில்லை. இடையில் நடந்ததுதான் என்னை அதிகம் கலைக்கிறது. ஹவாயின் தேன்குருவிகள், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவிலிருந்து கடல் தாண்டி வந்து சேர்ந்த ஒரு சிட்டினத்தின் வழிவந்தவை. கிளியலகு, ஊசியலகு, அரிவாள் போல வளைந்த அலகு என்று 50க்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்து அந்தக் காடுகளை நிறைத்திருந்தவை. காடழிப்பாலும், எலி பூனைகளாலும், பறவை அம்மையாலும் தாழ்நிலங்களில் அவற்றின் குரல் ஓய்ந்துகொண்டே வந்தது. அந்த அமைதி ஹொனலுலு நகரத்தாருக்குப் பொறுக்கவில்லை. 1930இல் ஹுயி மனு என்றொரு சங்கம் அமைத்து வெளிநாடுகளிலிருந்து பாடும் பறவைகளை வரவழைத்துத் தோட்டங்களில் பறக்கவிட்டார்கள். நம் மைனா அதற்கு முன்பே, 1865இல், புழு பிடிக்கவென்று இங்கிருந்து கொண்டுபோகப்பட்டிருந்தது. இப்படி வந்து குடியேறிய பறவைகளின் ரத்தத்தில்தான் ஒட்டுண்ணியும் வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பாட்டு இல்லாத குறையைத் தீர்க்க வந்தவற்றோடு, மிச்சமிருந்த பாட்டையும் நிறுத்தும் நோய் வந்திருக்கலாம். அன்பினால் செய்த காரியம் இது. அன்பு என்பதால் இதைக் கடந்து போய்விட முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டை விரும்பியவர்கள் பறவையின் உடலை அறிந்திருக்கவில்லை. ஒரு பறவை தன் ரத்தத்தில் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு வரும் என்று கேட்கத் தோன்றாத விருப்பம், விருப்பத்தில் எந்த வகை?

இஈவி என்ற பறவை ஒன்று உண்டு. உடல் மிளகாய்ப்பழச் சிவப்பு, வளைந்த அலகும் அதே சாயலில். ஓஹியா மரத்தின் சிவந்த பூக்களில் தேன் குடிக்கும். துருப்பிடித்த கதவுக்கீல் திரும்புவது போலக் குரல். ஹவாய்த் தலைவர்களின் இறகுப் போர்வைகளில் அந்தச் சிவப்பு இன்னும் மங்காமல் இருக்கிறது. நோயுள்ள ஒரே ஒரு கொசு கடிக்கவிட்ட ஆய்வில், பத்து இஈவிகளில் ஒன்பது இறந்துபோயின. முதலில் தீனி குறைகிறது. பிறகு கிளையில் இறகைச் சிலுப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்கிறது. சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே போக, ஈரலும் மண்ணீரலும் வீங்கிக் கறுக்கின்றன. அந்தக் கறுப்பு, நாம் முன்பு பார்த்த மணிகளின் கறுப்பு. 1968இல் ரிச்சர்ட் வார்னர் எழுதிய ஆய்வில் இன்னொரு காட்சி உண்டு. கொசுவே இல்லாத லேசான் தீவின் குருவிகளைத் தாழ்நிலத்துக்குக் கொண்டுவந்து, சிலவற்றைக் கொசு புகாத துணி போர்த்திய கூண்டிலும் சிலவற்றைத் திறந்த கூண்டிலும் வைத்தார். துணிக்குள் இருந்தவை பிழைத்தன, திறந்த கூண்டில் இருந்தவை மலேரியாவாலும் அம்மையாலும் மாண்டன. ராஸின் வலை கொசுவைப் பறவையோடு உள்ளே அடைத்தது, வார்னரின் துணி கொசுவை வெளியே நிறுத்தியது. பல பத்தாண்டு இடைவெளியில் இரண்டு திரைகள். இரண்டுக்குள்ளும் தன்மேல் என்ன எழுதப்படுகிறது என்று அறியாத ஒரு சிறு பறவை.

பிழைத்தவை மேலே போய்விட்டன. கொசுவின் உடலுக்குள் இந்த ஒட்டுண்ணி வளர வெப்பம் வேண்டும். 13 டிகிரிக்குக் கீழே அது வளர்வதில்லை. அதனால் ஏறக்குறைய 1,500 மீட்டருக்கு மேலுள்ள குளிர்ந்த காடுகள் பறவைகளுக்கு அடைக்கலம் ஆயின. இந்த உயரக்கணக்கு நமக்கும் பழக்கமானது. கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குப் பயந்துதான் வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு ஏறினார்கள். ராஸும் 1897இல் உதகைக்கு வந்தார். அங்கிருந்து சீகூர்ச் சரிவில் இறங்கிக் காய்ச்சல் பகுதியில் ஆய்வு செய்யப்போனபோது அவரையே மலேரியா பிடித்தது. மேலே பாதுகாப்பு, சில நூறு மீட்டர் இறங்கினால் நோய் என்ற அந்தக் கோட்டை அவர் தன் உடம்பிலேயே அறிந்தவர். மனிதருக்கு அந்தக் கோட்டுக்கு இருபுறமும் மருந்துண்டு, வண்டியுண்டு. பறவைக்குக் கோட்டுக்கு மேலுள்ள காடு மட்டுமே உண்டு. உலகம் வெப்பமாக ஆகக் கோடு மேலேறுகிறது. கவாயித் தீவின் மிக உயர்ந்த சிகரமே 1,600 மீட்டரை எட்டவில்லை. அக்கிக்கிக்கி என்ற சாம்பல் நிறச் சிறு பறவை அந்தத் தீவுக்கே உரியது. 2023இல் காட்டில் 5 பறவைகளே எஞ்சியிருந்தன. ஏறிக்கொண்டே போகிறவருக்கு மலை முடிந்துவிடும் என்பது எவ்வளவு எளிய உண்மை. அதைக் கேட்டால் எனக்குச் சில வேளைகளில் மூச்சு முட்டுகிறது. அதே ஆண்டு அமெரிக்க அரசு, அழிந்துபோயின என்று சொல்லிக் காப்புப் பட்டியலிலிருந்து நீக்கிய உயிரினங்களில் 8 ஹவாய்க் காட்டுப் பறவைகள் இருந்தன. அவற்றில் ஒன்றான போஓஉலியை உலகம் கண்டறிந்ததே 1973இல்தான். கடைசியாகப் பிடித்துக் காப்பாற்ற முயன்ற ஒற்றைப் பறவை 2004 நவம்பரில் கூண்டில் இறந்தது. கண்டுபிடிப்புக்கும் இல்லாமைக்கும் நடுவே முப்பத்தோரு ஆண்டுகள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒட்டுண்ணியின்மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை, அதுவே என்னைத் தொந்தரவு செய்கிறது. தான் குடியிருக்கும் பறவை இறந்தால் அதற்கும் ஆதாயமில்லை. இறந்த பறவையை எந்தக் கொசுவும் கடிக்காது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் காலங்காலமாகச் சிட்டினங்களோடு அது வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. பழகிய இடத்தில் அது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. பழகாத இடத்தில்தான் கொல்கிறது. 2012இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 6 ஹம்போல்ட் பெங்குவின்கள் பறவை மலேரியாவால் இறந்தன. கொசு அரிதான கடற்கரையிலிருந்து வந்த இனம், அதன் ரத்தத்துக்கு இந்த விருந்தாளியைத் தெரியாது. பழக்கம் என்று நான் மென்மையாகச் சொல்லும் சொல்லுக்குள்ளும் எத்தனை சாவுகள் அடுக்கியிருக்கும் என்று பிறகு தோன்றுகிறது. சிட்டுகளின் முன்னோர்களில் எத்தனை தலைமுறை மாண்டு இந்தச் சமாதானம் வந்திருக்கும்? நம் உடலின் சமாதானமும் அப்படி வாங்கியதுதான். அதில் பறவைகளின் பங்கும் உண்டு. 1920களில் ஜெர்மனியில் மலேரியா மருந்துகளை முதலில் சோதித்தது நோய் ஏற்றிய கேனரிக் குருவிகளில்தான். இன்று நாம் விழுங்கும் பிரைமாகுயின் மாத்திரைக்கு முன்னோடியான மருந்து அந்தக் குருவிகளின் வழியாக வந்தது. நமக்கு நோயின் வழியைக் காட்டியதும் பறவை, மருந்தைக் காட்டியதும் பறவை. நாம் அவற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது என்று நினைக்கையில் கடன் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் எனக்குக் கிடைப்பதில்லை.

அந்தக் கடனை அடைக்கும் முயற்சி ஒன்று இப்போது நடக்கிறது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பல பூச்சிகளின் உடலுக்குள் குடியிருப்பது. கொசுக்களின் இயல்பான வகைக்குப் பொருந்தாத வேறு வகை வோல்பாக்கியாவை ஏற்றி ஆண் கொசுக்களை வளர்த்து, 2023 முதல் மாவுயிக் காடுகளின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து லட்சக்கணக்கில் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. அதோடு கூடும் பெண் இடும் முட்டைகள் பொரியாது. 1967இல் பர்மாவில் ஒக்போ என்ற கிராமத்தில், யானைக்கால் நோய்க்கு எதிராக, இதே கொசுவின்மேல் இதே பொருந்தாமையைப் பயன்படுத்திப் பார்த்து வெற்றியும் கண்டிருந்தார்கள். இது நடக்க வேண்டும் என்று முழு மனதோடு விரும்புகிறேன். நாள்தோறும் எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்கும்போது தயங்கி நிற்பதும் ஒரு தீர்ப்புதான். ஆனாலும் ஒரு பறவையைக் காக்க, அதற்குள்ளிருக்கும் உயிரியை நிறுத்த, அதைச் சுமக்கும் கொசுவை நிறுத்த, அந்தக் கொசுவுக்குள் இன்னொரு உயிரியை ஏற்றி அனுப்புகிறோம் என்று வரிசையாகச் சொல்லிப் பார்க்கையில், ஒரு பீப்பாயைக் கவிழ்ப்பதற்கு எவ்வளவு குறைந்த முயற்சி போதுமாயிருந்தது என்பதே மனதில் கனக்கிறது. கொட்டியது ஒரு நொடி. அள்ளுவதற்கு இரண்டு நூற்றாண்டு கழித்து ஹெலிகாப்டர் வேண்டியிருக்கிறது.

எல்லாமே மேலேறிவிடவில்லை. ஹவாய்ப் பெருந்தீவின் தாழ்நிலக் காடுகளில், கடல் மட்டத்துக்கு அருகிலேயே, அமாக்கிஹி என்ற மஞ்சள்பச்சைக் குருவி மறுபடி பெருகியிருக்கிறது. சில இடங்களில் பத்தில் எட்டுக்கு மலேரியா தொற்றிய தடயம் உண்டு. இருந்தும் அவை கூடு கட்டுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன, பாடுகின்றன. நோயைத் தாங்கிப் பிழைத்த பறவையின் ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி முற்றிலும் போவதில்லை, மிகச் சிறிய அளவில் ஆயுள் முழுக்க எஞ்சி நிற்கிறது. அந்த எச்சம்தான் அடுத்த தாக்குதலிலிருந்து அதைக் காக்கிறது. அதே எச்சம்தான் கொசுவின் வழியாக, இன்னும் பழகாத இஈவிக்கும் போய்ச் சேரக்கூடும். பிழைத்தவரின் பாட்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரரின் சாவு ஒளிந்திருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது? மகிழ்வதா, அஞ்சுவதா? எச்சம் என்ற சொல்லிடமே திரும்பிப் போகிறேன். இலக்கணத்தில் அதற்கு எதிரில் நிற்பது முற்று. முற்று வந்தால் வாக்கியம் முடியும், பொருள் தெளியும், ஐயம் தீரும். போஓஉலியின் வாக்கியத்துக்கு முற்று வந்துவிட்டது, அதில் இனி ஐயம் எதுவுமில்லை. அமாக்கிஹியின் வாக்கியம் இன்னும் எச்சத்தில் நிற்கிறது. பாடி, என்று.

எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஏதோ ஒரு பறவை எங்கோ பழம் தின்று இங்கே விட்டுப்போனது. வேர் இறங்கினால் சுவர் பிளக்கும், பிடுங்கிவிடுங்கள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். இரண்டு முறை கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். இலை நான்கு வந்திருக்கிறது, காற்றில்லாத நேரத்திலும் நுனி அசைகிறது. அதை இட்டுப்போன பறவையின் ரத்தத்தில் எந்த அணுவுக்குள் எது கருவை ஓரம் தள்ளி உட்கார்ந்திருந்ததோ, அந்தக் கரு சுவரோரம் ஒதுங்கியபடியே பறவையை இவ்வளவு தூரம் பறக்க வைத்திருக்கிறது. கன்றைத் தொட்டியில் பெயர்த்து வைத்து, இடமுள்ள யாருக்காவது கொடுக்க வேண்டும். மழைக்கு முன் செய்ய வேண்டும்.